குடும்பத் தலைவர் பெயர்

ஆற்றின் அக்கரையிலிருக்கும் ஹினாபுவுக்குப் போகிற படகு ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்ட எஸ்தெலிதா ஏழரைக்குள் மூன்று முறை இறங்கி ஏறிவிட்டாள். முதல் முறை தண்ணீர் பாட்டில் வாங்க. இரண்டாவது முறை படிவங்கள் நனையாமல் இருக்க இன்னொரு பிளாஸ்டிக் பை வாங்க. மூன்றாவது முறை எதற்கு இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. துறைப்படியில் நின்று எதிர்க்கரைத் தென்னைகளைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள், திரும்பி வந்து அதே பலகையில் உட்கார்ந்தாள்.

"மேடம், நீங்க ஏறி இறங்குறதுல படகு ஹினாபு போய்ட்டு வந்துட்டதா நெனச்சுக்கப் போகுது" என்றார் படகுக்காரர் செலோ. அறுபது வயது. வாயில் எப்போதும் பற்ற வைக்காத சிகரெட் ஒன்று இருக்கும்.

"எப்ப எடுப்பீங்க, மனோ?" அண்ணன் என்பதற்கு அந்த ஊர் வார்த்தை அது.

"இன்னும் ரெண்டு ஆள். இல்லன்னா ஒரு பன்னி."

பன்றிதான் வந்தது. கால் கட்டிய பன்றியை முன்பக்கம் கிடத்தி, அதன் மேல் ஈரச் சாக்கு போட்டு, படகு கிளம்பியது. பக்கங்களில் கட்டிய மிதவைக் கட்டைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, மராபுயான் பின்னால் சுருங்கியது. தேவாலயத்தின் ஒற்றைக் கோபுரம், கூரை போட்ட கூடைப்பந்துத் திடல், பச்சைச் சாயம் அடித்த முனிசிப்பல் கட்டடம், அதன் இரண்டாவது மாடியில் ஒன்பது வருடமாக அவள் உட்கார்ந்திருக்கும் ஜன்னல்.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் அவள் ஒவ்வொரு வருடமும் மராபுயானின் விவரக் குறிப்பைத் தட்டச்சு செய்வாள். பதினோரு பராங்காய்கள், அதாவது சிற்றூர்கள். அதில் நான்குக்குச் சாலை உண்டு, ஏழுக்குப் படகுதான். ஐந்தாம் தர முனிசிபாலிட்டி. மாகாணத் தலைநகரிலிருந்து எழுபத்து நான்கு கிலோமீட்டர். முக்கிய விளைபொருள் கொப்பரை, மணிலா நார், நண்டு. கடைசிப் பத்தியில் 'மராபுயான் மக்கள் அமைதியானவர்கள், உழைப்பாளிகள், விருந்தோம்பும் பண்புடையவர்கள்' என்று இருக்கும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதிய வரி அது. அவருக்கு முன்னாலும் அதுவே இருந்திருக்கலாம். எஸ்தெலிதா, ஊருக்கு லீதா, வருடத்தை மட்டும் மாற்றுவாள். புயல் வந்த வருடம் கூட அந்த வரியை யாரும் தொடவில்லை.

இந்த வருடம் அப்படி முடியவில்லை. வீட்டுக் கணக்கு எல்லாம் கணினியில் ஏறுகிறது, ஒருவர் பெயர் ஓர் இடத்தில்தான் இருக்கவேண்டும், இரண்டு இடத்தில் இருந்தால் பட்டியல் திரும்பி வரும் என்று மாகாணத்திலிருந்து உத்தரவு. ஆறு மாதத்துக்கு மேல் ஒருவர் எந்த வீட்டில் உறங்குகிறாரோ அந்த வீட்டில்தான் அவர் பெயர். இந்த விதியைத் தட்டச்சு செய்தது லீதா. பதினோரு பராங்காய்களிலிருந்தும் வந்த கணக்கெடுப்புப் பெண்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்டியதும் அவள்தான். வாசிக்கும்போது ஓரிடத்தில் அதே வரியை இரண்டு முறை படித்துவிட்டாள். இருமிச் சமாளித்தாள்.

அவள் கணவன் ரூஃபோ ஏழு வருடங்களுக்கு முன் ஹினாபுவுக்கு ஒரு வேலையாகப் போனான். கொப்பரை உலர்த்தும் கொட்டகை கட்டுகிற வேலை, மூன்று வாரம் என்று சொன்னான். துணிப்பையில் நான்கு சட்டை. மூன்று வாரம் இரண்டு மாதமாகி, பிறகு யாரும் கேட்காத ஒன்றாக ஆகிவிட்டது. கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில் மாரிவிக் என்று ஒருத்தி இருந்தாள். அவ்வளவுதான் கதை. விவாகரத்து என்று ஒன்று அந்த நாட்டில் இல்லை. கோர்ட்டுக்குப் போய்க் கல்யாணமே செல்லாது என்று எழுதி வாங்கினால்தான் உண்டு. அதற்கு வக்கீல் வேண்டும், வருடங்கள் வேண்டும். மராபுயானில் அப்படிச் செய்தவர்கள் யாருமில்லை.

அந்த முதல் வருடம் கணக்கெடுப்புப் பெண் வாசலில் வந்து நின்றபோது, 'வேலைக்குப் போயிருக்கார்' என்று லீதா சொன்னாள். அது பொய்யில்லை. அடுத்த வருடமும் அதையே சொன்னாள். பிறகு யாரும் கேட்கவில்லை. குடும்பத் தலைவர் ரூஃபோ, மனைவி எஸ்தெலிதா, மகள் ருஸ்தெல் என்று ஒவ்வொரு வருடமும் அவளே பார்த்து எழுதிக்கொண்டாள். ஹினாபுவின் கணக்கெடுப்புப் பெண்ணும் இங்கிதம் தெரிந்தவள். மாரிவிக்கின் வீட்டில் ரூஃபோவின் பெயரை அவள் எழுதியதே இல்லை. இப்போது அந்தப் பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள்.

"ஹினாபு மட்டும் பாக்கி" என்று அதிகாரி அபுந்தியோ சொன்னபோது, சொன்ன வேகத்திலேயே அவருக்கு ஞாபகம் வந்து முகம் மாறியது. "வேற யாரையாச்சும் அனுப்பட்டுமா, லீதா?"

"எதுக்கு சார்? நானே போறேன்."

அந்த 'எதுக்கு'க்குப் பிறகு நான்கு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஹினாபுவில் நாற்பத்தோரு வீடுகள். அவள் கிழக்கு முனையிலிருந்து ஆரம்பித்தாள். மேற்கு முனையில் இருக்கும் வீடு எது என்று அவளுக்குத் தெரியும். முதல் வீட்டில் வேகவைத்த வாழைக்காய் கொடுத்தார்கள், இரண்டாவது வீட்டிலும் அதையே கொடுத்தார்கள். எங்கே போனாலும் ஜனங்கள் அவளுக்குச் சற்று அதிகமாகவே மரியாதை செய்தார்கள், நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கேள்விகளுக்கு மளமளவென்று பதில் சொன்னார்கள், மற்ற நாளில் ஒரு ஆட்டின் வயதைச் சொல்லவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள். அவள் அடுத்த வீட்டுக்குப் போக எழுந்தபோது இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் கூந்தலைச் சரிசெய்துகொண்டார்கள். ஊரே காத்திருக்கிறது என்று லீதாவுக்குப் புரிந்தது. சேவல் சண்டைக்குக் கட்டுவது போலப் பந்தயம் கட்டாதது ஒன்றுதான் குறை. ஒருவேளை கட்டியும் இருக்கலாம்.

இருபது வீடு முடிந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள், இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. மீதி இருபதை ஓட்டமாக முடித்தாள். ஒரு வீட்டில் கிணற்றின் ஆழத்தைக் கேட்க மறந்து பாதி வழி திரும்பி வந்து கேட்டாள். திரும்பி வந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. அதன் பிறகு மறப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

மேற்கு முனை வீடு கட்டைக் கால்கள் மேல் நின்ற மூங்கில் வீடு. கூரையில் பாதி ஓலை, பாதி நீலத் தார்ப்பாய். தார்ப்பாயின் ஓரத்தை மீன்வலைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, கயிற்று நுனிகளில் கற்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். முற்றத்தில் மாரிவிக் தேங்காய்களைப் பிளந்து வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று இருக்கும். லீதா ஏழு வருடம் மனதில் வைத்திருந்தவளை விட இவள் குட்டை. இடது காலில் ஏதோ காயத்துக்குத் துணி சுற்றியிருந்தாள்.

"வாங்க மனா. வருவீங்கன்னு சொன்னாங்க." அக்கா என்றுதான் அழைத்தாள்.

"யாரு சொன்னாங்க?"

"நீங்க படகுல ஏறினதுமே போன் வந்துருச்சு. மூணு தடவ ஏறி இறங்கினீங்களாமே."

அவள் கேலி செய்கிறாளா என்று லீதா பார்த்தாள். கேலிதான், ஆனால் அதில் முள் இல்லை. மாரிவிக் பெஞ்சு ஒன்றை நிழலுக்கு இழுத்துப் போட்டு, கருக வறுத்த அரிசியில் போட்ட காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று தூணுக்குப் பின்னால் நின்று லீதாவின் அடையாள அட்டையைப் பார்த்தது. ரூஃபோவின் காதுகள் அதற்கு, மேல் நுனி கொஞ்சம் மடங்கியவை.

"பேரென்ன?"

"ருமாரி" என்றது குழந்தை.

ரூஃபோவும் மாரிவிக்கும் சேர்ந்து ருமாரி. ரூஃபோவும் எஸ்தெலிதாவும் சேர்ந்து ருஸ்தெல். பதினெட்டு வருடங்களுக்கு முன் பிரசவ வார்டில், தானே கண்டுபிடித்த மாதிரி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பு லீதாவுக்கு நினைவு வந்தது. அதே வித்தையை இன்னொரு முறையும் காட்டியிருக்கிறான். கோபம் வரும் என்று நினைத்தாள். வந்தது ஒருவிதக் கூச்சம், ஒரே துணியில் தைத்த சட்டையோடு எதிரில் ஒருத்தி வந்து நின்றால் வருவது போல.

பேனாவைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள். குடும்பத் தலைவர் என்ற முதல் கட்டத்தைத் தாண்டி நேராக வீட்டைப் பற்றிய கேள்விகளுக்குப் போனாள். சுவர் மூங்கில். குடிநீர் ஊற்று. கழிப்பறை உண்டு.

"கூரை... தார்ப்பாய்" என்று எழுதிக்கொண்டே, "புயல் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே. ஹினாபுவுக்குத் தகரம் வந்துச்சே" என்றாள்.

"வந்துச்சு. நாப்பது வீட்டுக்கு வந்துச்சு."

"நாப்பத்தோரு வீடுல்ல?"

மாரிவிக் ஒரு தேங்காயை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இவரு பேருல டவுன்லயே பன்னெண்டு தகடு குடுத்தாச்சாம். ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ தர முடியாதுன்னுட்டாங்க. சரின்னு எம் பேருல கேட்டேன். தனியா இருக்குற பொம்பளைன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. இவரு பக்கத்துலயே நிக்கிறாரு. எப்படி எழுதி வாங்குறது?"

லீதாவின் பேனா நின்றது. அந்தப் பன்னிரண்டு தகடுகளுக்குக் கையெழுத்துப் போட்டது அவள். 'ரூஃபோவுக்காக, மனைவி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். புயலில் அவள் வீட்டின் ஒரு மூலைதான் பறந்தது, நான்கு தகடு போதும். மீதியை வீணாக்குவானேன் என்று பழைய கூரையையும் பிரித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டாள். அண்டை வீட்டார் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு அந்தத் தகடுகள் யாருடைய தலைக்கு மேலிருந்து வந்தன என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அல்லது நினைத்துப் பார்த்து, நினைக்காதது போல நகர்ந்துவிட்டாள். எது என்று இப்போது அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு அது போதாது என்று தோன்றி, "கேட்டிருக்கணும். கேக்கல" என்றாள்.

மாரிவிக் கூரையின் தார்ப்பாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாதியக் கழட்டிக் குடுத்துடறேன். செலோ படகுல ஏத்தி விட்டா..."

அதற்குத்தான் மாரிவிக் சிரித்தாள். "போட்ட கூரையப் பிரிச்சா ரெண்டு வீடும் நனையும், மனா. காப்பியக் குடிங்க, ஆறிடும்."

ரூஃபோ அப்போது வந்தான். தோளில் மூங்கில் கழி, அதில் இரண்டு பக்கமும் தேங்காய்க் கட்டு. யாரோ சொல்லியிருக்கவேண்டும், அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. முன்தலை முடி போய்விட்டிருந்தது. கட்டை இறக்கி வைத்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வீட்டுப் படியில் உட்கார்ந்து, உடனே எழுந்தான்.

"நல்லா இருக்கியா, லீதா?"

"இருக்கேன். கணக்கெடுக்க வந்தேன்."

"ருஸ்தெல்?"

"காலேஜ்ல இருக்கா. உனக்குத் தெரியுமே, போன் பண்றியே." படிவத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். கட்டை விரலால் தாளை அழுத்திக்கொண்டாள். "இந்த வருஷத்துலருந்து ஒரு பேரு ஒரு வீட்லதான் இருக்கலாம். ஆறு மாசம் எங்க தூங்குறாங்களோ அங்க. அதனால இங்க எழுதறேன்."

"வேண்டாம்" என்றான் ரூஃபோ.

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"டவுன்லயே இருக்கட்டும். எப்பவும் இருக்குற மாதிரி."

"ஏன்?"

அவன் மாரிவிக்கின் பக்கம் பார்க்காமல், தேங்காய்க் கட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "எம் பேரு அங்க இருக்குற வரைக்கும் நான் ஓடிப் போனவன் இல்ல, லீதா. வேலைக்கு வந்தவன். ஊர்ல எங்கம்மா அப்பா கல்லறை இருக்கு. நாளைக்குத் திருவிழாவுக்கு வந்தா நாலு பேரு முன்னாடி நிக்கணும். வேலைக்குப் போனவன் வந்திருக்கான்னு இருக்கணும்."

இந்தப் பேச்சை அவன் பல நாள் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான் என்று லீதாவுக்குத் தெரிந்தது. 'வேலைக்குப் போயிருக்கார்.' அவள் சொல்லிவந்த அதே வார்த்தை. ஏழு வருடமாக ஒரே பொய்யை ஆற்றின் இரண்டு பக்கமும் நின்று இருவரும் காப்பாற்றி வந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பேசாமலேயே. அவர்களுக்குள் மிஞ்சியிருந்த ஒரே தாம்பத்யம் அதுதான்.

மாரிவிக் அரிவாளை எடுத்தாள். ஒரு தேங்காயை ஒரே வெட்டில் பிளந்து, தண்ணீரைத் தரையில் விட்டு, இரண்டு பாதியையும் கவிழ்த்தாள். இன்னொன்றையும் அப்படியே செய்தாள். அவசரமே இல்லை. மூன்றாவதைப் பிளந்த பிறகு அரிவாளை மரக்கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"குடும்பத் தலைவர்னு எம் பேர எழுதுங்க, மனா. மாரிவிக் அபெல்யானோசா."

"மாரி" என்றான் ரூஃபோ.

"நீ சும்மா இரு. வேலைக்கு வந்தவரு."

லீதா எழுதினாள். எழுத்து எழுத்தாக, பெரிய எழுத்தில், கட்டத்தை மீறாமல். பிறகு அலுவலகக் குரலில், அந்தக் குரல் கிடைத்ததற்கு நன்றியோடு, கேட்டாள். "இந்த வீட்டுல வேற யாரெல்லாம் தூங்குறாங்க?"

"எம் பொண்ணு ருமாரி. அப்புறம் இவரு."

"இவரு பேரு?" தெரியும், ஆனாலும் கேட்கவேண்டும். விதி அப்படி.

"ரூஃபோ."

"தலைவருக்கு என்ன உறவு?"

முற்றத்துக்கு அப்பால் வேலியோரம் மூன்று பேர் விறகு பொறுக்குவது போல நின்றுகொண்டிருந்தார்கள். மாரிவிக் அவர்களையும் பார்த்தாள், ரூஃபோவையும் பார்த்தாள்.

"என்னென்ன கட்டம் இருக்கு?"

"கணவன் அல்லது மனைவி. மகன். மகள். பெற்றோர். உறவினர். தங்கியிருப்பவர்."

"தங்கியிருப்பவர்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"அதுல போடுங்க."

லீதா குறியிட்டாள். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எதுவும் வெளியே வராமல் காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். அடியில் தங்கிய கரி நாக்கில் ஒட்டியது.

"ருமாரி என் பொண்ணு" என்றான் ரூஃபோ மெதுவாக. "அதையாச்சும் எழுது."

"அதுக்கு இங்க கட்டம் இல்ல, ரூஃபோ. தலைவருக்கு என்ன உறவுன்னு மட்டுந்தான் கேக்குது." குழந்தையின் பெயருக்கு நேராக 'மகள்' என்பதில் குறியிட்டாள். "அடுத்த தடவ கூரை வந்தா மாரிவிக் பேருலயே வரும். எழுதி வாங்க வேண்டியதில்ல."

மாரிவிக் கையெழுத்துப் போட்டாள். கதவு நிலையில் ஒட்ட வேண்டிய எண் வில்லையை லீதா எடுத்தபோது, அவளே வாங்கி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, கோணாமல் ஒட்டினாள்.

துறை வரை ரூஃபோ கூடவே வந்தான், நாலடி பின்னால். செலோ படகில் கொப்பரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏறப் போகும்போது அவன் கேட்டான்: "டவுன்ல எம் பேர அடிச்சிடுவியா?"

"அடிக்க மாட்டேன். எழுதாம விட்டுடுவேன்."

அதில் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது. செலோ அன்றைக்கு ஒரு வார்த்தையும் கிண்டல் பேசவில்லை, அதுவே அவளுக்குப் பெரிய கிண்டலாக இருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார இடமில்லாமல் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடமிருந்தாலும் நின்றிருப்பாள்.

திங்கட்கிழமை அபுந்தியோ இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து விரலால் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். ஹினாபுவில் விரல் நின்றது. டவுன் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றது. அவர் எந்தப் பெயரையும் உச்சரிக்கவில்லை.

"இங்க ஒண்ணு கூடியிருக்கு. இங்க ஒண்ணு குறைஞ்சிருக்கு" என்றார். "மொத்தம் அதேதான். எட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"ஆமா சார்."

"அப்ப குறிப்புல எதையும் மாத்த வேண்டியதில்ல." வேர்க்கடலைப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "பேரெல்லாம் பட்டியல்ல ஏறிடுச்சு, உன் வீட்டுப் படிவம் மட்டும் வரல."

"நாளைக்குத் தர்றேன்."

படிவம் பையில்தான் இருந்தது, கிட்டத்தட்ட முடிந்தும் இருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள், முதல் எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதற்குக் கீழே திருமண நிலை. மணமாகாதவர், மணமானவர், கணவனை இழந்தவர், சட்டப்படி பிரிந்தவர். நான்கு கட்டங்கள், எதிலும் குறி இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பேனாவை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். அரிசியைக் களைந்தாள், துணியை மடித்தாள், மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். ரூஃபோவைப் போட மாரிவிக்குக்கு 'தங்கியிருப்பவர்' என்று ஒரு கட்டமாவது இருந்தது.

நாலரை மணிக்கு அலுவலகம் விட்டது. வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முனையில் அவள் திரும்பவில்லை. மறுநாள் சந்தை, அதனால் துறையில் கூட்டம். தீவிலிருந்து வந்த பெரிய படகு ஒன்றிலிருந்து எருமையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பலகை வழியாக அது இறங்கிவிட்டது. கரைக்கும் படகுக்கும் நடுவில், முழங்கால் தண்ணீரில், அப்படியே நின்றுவிட்டது. முன்னால் இரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள். பின்னால் ஒருவன் இரண்டு கையையும் அதன் பிட்டத்தில் வைத்துத் தள்ளி, வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்தான். கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எருமை யாரையும் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கி, ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து வந்த காற்றை மோந்தது. ஏற்ற நீர் ஏறிக்கொண்டிருந்தது, அதன் முழங்காலைத் தாண்டி, வயிற்றைத் தொட்டது.

"விடுங்க, தானா வரும்" என்றார் ஒருவர்.

"எந்தப் பக்கம் வரும்?" என்றார் இன்னொருவர்.

லீதா படிவம் இருந்த பையைத் துறைக்கல்லின் மேல் வைத்தாள். தண்ணீரில் இறங்கச் செருப்பைக் கழற்றினாள். எருமையின் காதுகள் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தன.